இம்ப்ளாண்ட் பல்: சுற்றியுள்ள ஈறு பழுக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

இம்ப்ளாண்ட் (போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வைக்கலாம் என்று முடிவெடுத்து வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்தக் கம்பெனி?" என்பதுதான். ஸ்விஸ்ஸா, கொரியாவா, இஸ்ரேலா என்று யூடியூப் பார்த்து முக்கால்வாசி தேறியே வந்திருப்பார்கள். அடுத்தது, "எத்தனை வருஷம் கேரண்டி?" நான் திருச்சி தில்லை நகர்ப் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் டென்டல் ஹைஜீனிஸ்ட். இம்ப்ளாண்ட் வைப்பது டாக்டர் வேலை. வைத்த பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து உட்காருகிறவர்களின் ஈறைப் பார்ப்பது, சுத்தம் செய்வது, பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. என் பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பெனி பெயர் ரொம்பப் பின்னால் போய்விடுகிறது. கட்டிய பல்லைச் சுற்றி நான்கு பக்கமும் பிரஷ் போகிறதா, போகவில்லையா? நல்லபடியாக இருக்கும் வாயும் பழுத்துப்போன வாயும் பிரிவது அங்கேதான்.

"இரும்புப் பல்லுக்கு என்னம்மா நோய் வரப்போவுது?" என்பார் லால்குடியிலிருந்து வரும் ஒரு பெரியவர். அதில் பாதி நியாயம் உண்டு. இம்ப்ளாண்ட் டைட்டானியம். சொத்தை விழாது, நரம்பு கிடையாது, ரூட் கெனால் வேலையே இல்லை. ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற டாக்டர் 1965-ல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு வைத்த இம்ப்ளாண்ட்கள், 2006-ல் அவர் இறக்கும்வரை வேலை செய்தன. உலோகம் அப்படியே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பும் ஈறும் நம்முடையவை. கெடுவது அவைதான்.

நம் சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேரின் மேல்பூச்சுக்குள் குறுக்காகப் புகுந்து இறுகியிருக்கும். வேருக்கும் எலும்புக்கும் இடையில் ரத்த ஓட்டமுள்ள ஒரு மெல்லிய சவ்வும் உண்டு. இம்ப்ளாண்டுக்கு இந்த இரண்டும் இல்லை. நார்கள் உலோகத்துக்குள் புக முடியாததால், கழுத்தைச் சுற்றிய சட்டைக் காலர் மாதிரி பக்கத்தில் வளைந்து ஓடும், அவ்வளவுதான். அதனால் அழுக்கும் கிருமியும் ஒருமுறை கீழே இறங்கிவிட்டால், சொந்தப் பல்லைவிட வேகமாக எலும்புவரை போய்விடும்.

இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஈறு மட்டும் சிவந்து, தொட்டால் ரத்தம் வருவது முதல் கட்டம். டாக்டர்கள் இதை மியூகோசைட்டிஸ் என்பார்கள். சுத்தம் செய்தால் திரும்ப நல்லபடியாகும், ஆனால் பல்லைச் சுற்றிய ஈறு ஆறுவதைவிட நாள் கூடப் பிடிக்கும். அதைக் கவனிக்காமல் விட்டு, எலும்பு கரைய ஆரம்பிப்பது இரண்டாவது கட்டம். அதன் பெயர் பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ். கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. 2015-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டதில், இம்ப்ளாண்ட் வைத்தவர்களில் சுமார் 43 சதவீதம் பேருக்கு முதல் கட்டமும் 22 சதவீதம் பேருக்கு இரண்டாவது கட்டமும் இருந்தன. ஒவ்வொரு ஆய்வும் நோயை ஒவ்வொரு அளவுகோலில் அளந்ததால் அந்த எண்கள் ஆய்வுக்கு ஆய்வு எக்கச்சக்கமாக மாறும். இருந்தாலும், அபூர்வமான நோய் என்று யாரும் சொல்ல முடியாது.

வம்பு என்னவென்றால், வலிக்காது. எலும்பு பாதி போன பிறகும் இம்ப்ளாண்ட் ஆடாமல் நிற்கும், முறுக்கு கடிக்கலாம். வலி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறவர்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

முதலில்: அந்தப் பல் எப்படிப் போனது?

கட்டுவதற்கு முன்னால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. சொத்தையாகிப் பிடுங்கியதா? விழுந்து உடைந்ததா? இல்லை, ஈறு இறங்கி, பல் ஆடி, ஒருநாள் கையோடு வந்துவிட்டதா? மூன்றாவது என்றால் கவனம். பயோரியா என்று ஊரில் சொல்லும் அந்த ஈறு நோய் யாருக்கு வந்திருக்கிறதோ, அவர்களுக்கு இம்ப்ளாண்டைச் சுற்றியும் வர வாய்ப்பு அதிகம். அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் 2017-ல் சேர்ந்து கூடி ஆதாரங்களை அலசியபோது, மூன்றே காரணங்களைத்தான் வலுவான ஆதாரம் உள்ளவை என்று சொன்னார்கள்: முன்பு ஈறு நோய் இருந்தது, வாய் சுத்தம் சரியில்லாதது, கட்டிய பிறகு தொடர்ந்து பரிசோதனைக்கு வராதது.

பல் போன பிறகு நோயும் போய்விட்டது என்று நினைப்பது சுலபம். வாயில் மீதிப் பற்கள் இருக்கின்றனவே. பக்கத்துப் பல்லின் ஈறில் 6 மி.மீ. பள்ளம் இருந்தால், அதில் குடியிருக்கும் கிருமிகள் புது இம்ப்ளாண்டுக்கு இடம் மாறுவதற்கு பஸ் பிடிக்க வேண்டியதில்லை. அதனால் வரிசை இதுதான்: முதலில் மொத்த வாய்க்கும் ஈறு சிகிச்சை, சில வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பது, ரத்தக் கசிவு அடங்கியிருந்தால் இம்ப்ளாண்ட். டாக்டர் "முதல்ல க்ளீனிங் முடிப்போம், அப்புறம் பார்ப்போம்" என்றால் பில்லை ஏற்றுகிறார் என்று சந்தேகப்படாதீர்கள். க்ளீன் பண்ணினால் பல் ஆடிவிடும் என்று ஒரு பேச்சு நம் பக்கம் ரொம்ப நாளாக ஓடுகிறது. பல்லில் படிந்து இறுகிய காரை மட்டும் பிடித்துவைத்திருந்த பல், காரை போனதும் ஏற்கெனவே இருந்த ஆட்டத்தைக் காட்டுகிறது. ஆட வைத்தது நோய்.

சுகர், புகையிலை, மாத்திரைகள்

சுகர் இருந்தால் இம்ப்ளாண்ட் கூடாது என்று இல்லை. கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நேற்று காலை வெறும் வயிற்றில் எடுத்த எண்ணைக் கொண்டுவராதீர்கள். இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லும் எச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள். 7-க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 8-ஐத் தாண்டினால் எங்கள் டாக்டர் அவசரமில்லை என்று தள்ளிப்போட்டுவிடுவார். கட்டும் நேரத்தில் மட்டும் குறைத்துக் காட்டிவிட்டு அப்புறம் கல்யாண சீசனில் கோட்டை விட்டால், ஈறு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிகரெட், பீடி, வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் ஒரே கணக்குத்தான். 2017 கூட்டத்தில் புகையும் சுகரும் இந்த நோய்க்கு நேரடிக் காரணம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் முடிவாகவில்லை என்றார்கள். அதைப் "பிடிக்கலாம்" என்று படித்துக்கொள்ள வேண்டாம். புகைப்பவர்களிடம் நான் பார்க்கும் தொல்லை வேறு. நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், உள்ளே நோய் இருந்தாலும் ரத்தம் சரியாகக் கசியாது. ஈறு வெளிறி, பார்க்க அமைதியாக இருக்கும். நீங்களும் ஏமாறுவீர்கள், அவசரத்தில் பார்க்கிற டாக்டரும் ஏமாறலாம். புகைப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லிவிட்டால், நாங்கள் ரத்தத்தை நம்பாமல் அளவையும் எக்ஸ்ரேயையும் பார்ப்போம்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, வருஷத்துக்கு ஒரு ஊசியோ போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். அது தாடை எலும்பு சம்பந்தப்பட்ட வேறு சிக்கல், ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் ஈறு பழுக்கும் என்று நிரூபணம் இல்லை. இம்ப்ளாண்டின் மேல் மாட்டும் பல்லான கேப் உடையும், அதைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளரும். அதற்கு நைட் கார்டு (ராத்திரி பல்லில் மாட்டும் உறை) போட்டுக்கொண்டால் போதும்.

கேப்: இங்கேதான் அதிகம் கேட்க வேண்டும்

இம்ப்ளாண்ட் எலும்புக்குள் போவது அரை மணி நேர வேலை. அதற்கு மேல் வரும் கேப் எப்படி இருக்கிறது என்பதோடுதான் நீங்கள் காலமெல்லாம் குடித்தனம் நடத்தப் போகிறீர்கள். நோயாளிகள் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பார்ப்பது நிறம் ஒன்றைத்தான். நான் பார்க்கச் சொல்வது வேறு.

ஒன்று, வடிவம். கடைவாய்ப் பல்லின் வேர் இருந்த அகலத்துக்கு இம்ப்ளாண்ட் இருக்காது. 4, 5 மி.மீ. தடிமன்தான். ஆனால் மேலே வரும் கேப் 10 மி.மீ. அகலம் வேண்டும். ஒடுக்கமான அடியிலிருந்து அகலமான தலைக்கு எவ்வளவு சடாரென்று விரிகிறதோ, அவ்வளவு அடியில் இடுக்கு. விரியும் கோணம் 30 டிகிரிக்கு மேல் போனால், அதிலும் பக்கம் உப்பலாகவும் இருந்தால், நோய் கூடுவதை 2018-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சில கேப்கள் ஈறின் மேல் ஏறிப் படர்ந்து உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அழகு. அடியில் பிரஷ்ஷின் ஒரு நார் போகாது.

டிகிரி எல்லாம் உங்களால் அளக்க முடியாது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கேப் பொருத்திப் பார்க்கும் நாளில், ஃபைனல் செய்வதற்கு முன், ஓர் இன்டர்டென்டல் பிரஷ்ஷும் (பல் இடுக்கில் விடும் சின்னக் கம்பி பிரஷ்) கையில் ஒரு கண்ணாடியும் கேளுங்கள். நீங்களே இரண்டு பக்கமும் விட்டுப் பாருங்கள். டாக்டர் விட்டுக் காட்டினால் கணக்கில் சேராது. அவர் கையும் லைட்டும் உங்கள் வீட்டு வாஷ்பேசினுக்கு வராது. உங்கள் கையால் போகவில்லை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். லேபுக்குத் திருப்பி அனுப்பித் தேய்த்து வாங்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஒட்டிய பிறகு சொன்னால் பெரிய வேலை.

இரண்டாவது, எப்படிப் பிடிக்கிறது. கேப்பை ஸ்க்ரூவில் முடுக்கலாம், அல்லது சிமெண்ட் போட்டு ஒட்டலாம். ஸ்க்ரூ என்றால் மேலே ஒரு சின்னத் துளை இருக்கும், பல் நிற ஃபில்லிங்கால் மூடியிருப்பார்கள். பிரச்சினை வந்தால் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி முடுக்கலாம். சிமெண்டில் ஒட்டும்போது கேப்பை அழுத்தியதும் மிச்சம் பிதுங்கி வெளியே வரும். வெளியே வந்தது தெரியும், துடைக்கலாம். ஈறுக்குள் இறங்கியது தெரியாது.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். போன வருடம் ஓர் ஆசிரியைக்குக் கேப்பைச் சுற்றி விடாமல் ரத்தம். பிரஷ் பழக்கம் குறை சொல்ல முடியாதது, சுகர் இல்லை. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு ஈறை லேசாக விலக்கினார். நான் சக்ஷன் பிடித்துக்கொண்டிருந்தேன். கேப்பின் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே, நாக்குப் பக்கமாக, மங்கிய வெள்ளையில் ஒரு செதில். நீளம் 2 மி.மீ. இருந்தால் அதிகம். ஒரு முனை இம்ப்ளாண்டில் ஒட்டியிருந்தது, மறுமுனை ஈறுக்குள் குத்திக்கொண்டிருந்தது, மேல் முழுக்கச் சொரசொரப்பு. சுரண்டி எடுத்ததும் டிரேயில் 'டிக்' என்று விழுந்தது. அடுத்த தடவை வந்தபோது அந்த இடத்தில் ரத்தம் இல்லை. இது அபூர்வமும் இல்லை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், சிமெண்டில் ஒட்டி, ஈறு நோய் அறிகுறி காட்டிய இம்ப்ளாண்ட்களை உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். 81 சதவீதத்தில் மிச்ச சிமெண்ட் இருந்தது. எடுத்த பிறகு பெரும்பாலானவை அடங்கின. அறிகுறி தெரிய நான்கு மாதமும் ஆகியிருக்கிறது, ஒன்பது வருடமும் ஆகியிருக்கிறது.

அதனால் "ஸ்க்ரூவா, சிமெண்டா?" என்று கேளுங்கள். எலும்பின் சாய்வு காரணமாகச் சில இடத்தில் சிமெண்ட்தான் முடியும் என்றால், கேப்பின் விளிம்பு ஈறுக்குள் ஆழமாகப் போகாமல் வைக்க முடியுமா, ஒட்டிய பிறகு ஓர் எக்ஸ்ரே எடுப்பீர்களா என்று கேட்கலாம். எல்லா சிமெண்டும் எக்ஸ்ரேயில் தெரியாது, கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ இருந்தால் தெரிவதே இல்லை. ஆனாலும் எடுப்பது நல்லது. கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டர் குறைவு. கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

மூன்றாவது, இடைவெளி. இம்ப்ளாண்டுக்கும் பக்கத்துச் சொந்தப் பல்லுக்கும் குறைந்தது 1.5 மி.மீ., இரண்டு இம்ப்ளாண்ட்களுக்கு நடுவில் 3 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. "இடம் இருக்கு, இன்னொண்ணும் வச்சிடுங்களேன்" என்று நீங்களே வற்புறுத்தாதீர்கள். நெருக்கி வைத்தால் நடுவில் உள்ள எலும்பும் மெலியும், பிரஷ்ஷும் போகாது.

நான்காவது, ஈறின் தரம். கண்ணாடியில் பார்த்தால் பல்லை ஒட்டிக் கெட்டியாக, அசையாத இளஞ்சிவப்பு ஈறும், அதற்குக் கீழே உதட்டை இழுத்தால் கூடவே ஆடும் மெல்லிய சிவந்த பகுதியும் தெரியும். இம்ப்ளாண்டைச் சுற்றி அந்தக் கெட்டி ஈறு 2 மி.மீ.யாவது இருப்பது நல்லது. இல்லாதவர்களுக்கு பிரஷ் பட்டாலே எரியும். எரிந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பார்கள், அழுக்கு அங்கேயே தங்கும். அண்ணத்திலிருந்து ஈறு எடுத்து ஒட்டும் சின்ன அறுவை சிகிச்சை இதற்கு உண்டு.

முழுத் தாடைக்கும் நான்கு அல்லது ஆறு இம்ப்ளாண்ட் வைத்து நிலையான செட் கட்டிக்கொள்கிறவர்கள் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். செட்டின் அடிப்பக்கம் வழவழப்பாக, ஈறை நோக்கி உப்பியிருக்க வேண்டும். உள்ளே குழிந்து ஈறைக் கவ்வி உட்கார்ந்தால், சாப்பாடு உள்ளே போகும், வெளியே வராது. ஒவ்வொரு இம்ப்ளாண்டின் இரண்டு பக்கமும் பிரஷ் நுழைய வழி விட்டிருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

கரி, செங்கல் பொடி, சொரசொரப்பான பல்பொடி இம்ப்ளாண்ட் கேப்பில் வேண்டாம். சாஃப்ட் பிரஷ், சாதாரண பேஸ்ட் போதும். பிரஷ்ஷின் நார்கள் பாதி ஈறிலும் பாதி கேப்பிலும் படும்படி சாய்த்து, சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். கன்னப் பக்கத்தை எல்லோரும் தேய்க்கிறார்கள். நாக்குப் பக்கம்தான் விட்டுப்போகிறது. வலது கைக்காரர்களுக்கு வலது கீழ்க்கடைவாயின் உள்பக்கம் விட்டுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருக்கும்.

அடுத்தது இன்டர்டென்டல் பிரஷ். இது நாளைக்கு ஒரு தடவை, ராத்திரி. இடுக்குக்கு ஏற்ற அளவு வேண்டும்: உள்ளே போகும்போது நார்கள் லேசாக உரச வேண்டும், கம்பி உரசக் கூடாது. தொளதொளவென்று போய் வந்தால் அளவு சின்னது, ஒன்றுமே சுத்தமாகாது. நம்மில் பாதிப்பேர் சின்னதுதான் வைத்திருக்கிறார்கள். ஒரே கேப்பின் முன்பக்கத்துக்கு ஓர் அளவும் பின்பக்கத்துக்கு வேறு அளவும் தேவைப்படலாம். கம்பியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். பேஸ்ட் வேண்டாம், தண்ணீரில் நனைத்தால் போதும். கம்பி வளைந்துவிட்டால் நிமிர்த்தி நிமிர்த்தி ஓட்டாமல் தூக்கிப் போடுங்கள்.

பிரிட்ஜ் அல்லது முழு செட் என்றால் சூப்பர் ஃப்ளாஸ். அதில் ஒரு முனை விறைப்பாக இருக்கும், நடுவில் பஞ்சு மாதிரிப் பகுதி, அப்புறம் சாதா நூல். விறைத்த முனையைக் கன்னப் பக்கத்திலிருந்து பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்து, நாக்குப் பக்கம் பிடித்து இழுக்கவும். பஞ்சுப் பகுதி வந்ததும் அடுத்த இடுக்கு வழியாக முன்பக்கம் திரும்பக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் குறுக்காக மாற்றிப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக இழுக்கவும். இழுத்த நூலை முகர்ந்து பாருங்கள். அருவருப்பாக இருக்கலாம், ஆனால் இதைவிட விலை குறைந்த டெஸ்ட் கிடையாது. நாலைந்து நாள் ஒழுங்காகச் செய்தும் நாற்றம் போகவில்லை என்றால் அடியில் ஏதோ தங்கியிருக்கிறது, வந்து காட்டுங்கள்.

ஈறு இறங்கி இம்ப்ளாண்டின் மரை வெளியே தெரிகிறவர்கள் ஃப்ளாஸை விட்டுவிடுங்கள். அந்தச் சொரசொரப்பில் நூல் பிரிந்து, நார் சிக்கி, அதுவே ஈறைப் பழுக்கவைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பிரஷ் மட்டும் போதும். ஊக்கு, ஈர்க்குச்சி, விசிட்டிங் கார்டின் முனை எதுவும் வேண்டாம். தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாசர் இருந்தால் நல்லது, கூடுதல் உதவியாக. பச்சை, சிவப்பு நிற மவுத்வாஷ் கொப்பளித்தால் வாய் மணக்கும். ஒட்டிப் பிடித்த படலம் தேய்த்தால்தான் போகும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் போனால் பல் பழுப்பேறும், காபி ருசியே மாறிவிடும்.

வீட்டில் பார்க்கும் பரிசோதனை

கேப் போட்ட அன்றே, ஈறு நல்லபடியாக இருக்கும்போது, போன் டார்ச் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள். ஈறின் நிறம் கறுத்த சிவப்பாகிறதா, வீங்கிப் பளபளக்கிறதா, விளிம்பு இறங்கி உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கையைக் கழுவி, ஆள்காட்டி விரலை ஈறின் மேல் வைத்து, வேர்ப் பக்கத்திலிருந்து கேப்பை நோக்கி மெதுவாக அழுத்தி வழியுங்கள். ஒன்றும் வரக் கூடாது. மஞ்சளாகத் துளி வந்தால் அது சீழ். அந்த வாரமே போக வேண்டும். பிரஷ் விடும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ரத்தம் வந்தாலும் அதே கதைதான். "ரத்தம் வருது, அதான் அந்தப் பக்கம் தேய்க்கறதில்ல" என்று நேர்மாறாகச் செய்கிறவர்களே அதிகம்.

கேப் லேசாக ஆடினால் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், முடுக்கினால் சரி. ஆனால் தளர்ந்த இடுக்கில் அழுக்கு புகுந்துகொண்டே இருக்கும், தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

கிளினிக்கில் என்ன நடக்க வேண்டும்

கேப் போட்ட நாளில் ஓர் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பின்னால் எலும்பு இறங்கியதா என்று பார்க்க, முதலில் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமே. முதல் வருடத்தில் எலும்பு கொஞ்சம் படிந்து அடங்குவது இயல்பு. அதற்கு மேலும் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை. பழைய எக்ஸ்ரே இல்லாத நிலையில், ரத்தம் அல்லது சீழோடு பாக்கெட் (ஈறுக்கும் இம்ப்ளாண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம்) ஆழம் 6 மி.மீ.யோ அதற்கு மேலோ, எலும்பு 3 மி.மீ.யோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது 2017 கூட்டத்தின் வரையறை.

ஒவ்வொரு வருகையிலும் மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறுக்குள் விட்டுச் சுற்றிலும் அளக்க வேண்டும். "இம்ப்ளாண்டை அளக்கக் கூடாது, கீறிடும்" என்பது பழைய பேச்சு; லேசாகத் தொட்டு அளப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்றால், சாதாரணமாக ஆறு மாதம். முன்பு ஈறு நோய் இருந்தவர்கள், புகைப்பவர்கள், சுகர் ஏறி இறங்குகிறவர்கள் மூன்று அல்லது நான்கு மாதம்.

வருவதால் என்ன ஆகிறது என்பதற்கு பிரேசிலில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு நல்ல விடை. ஏற்கெனவே முதல் கட்ட வீக்கம் இருந்த 80 பேரை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து பராமரிப்புக்கு வந்த 39 பேரில் 7 பேருக்கு எலும்பு நோயாக மாறியிருந்தது. வராத 41 பேரில் 18 பேருக்கு.

ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டால்

மெடிக்கல் ஷாப்பில் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கி ஐந்து நாள் போட்டுவிட்டு "கேட்டுச்சு" என்று இருக்காதீர்கள். வீக்கம் வற்றும், இம்ப்ளாண்டில் ஒட்டிய படலமும் காரையும் அப்படியே இருக்கும், சில வாரத்தில் திரும்ப வரும். 2023-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும், சுத்தம் செய்யும் சிகிச்சையோடு வழக்கமாக ஆன்டிபயாட்டிக் மாத்திரை சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. முதலில் கேப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றி, நன்றாகச் சுத்தம் செய்து, கேப்பின் வடிவம் தடையாக இருந்தால் அதை மாற்றி, சில வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். அடங்கவில்லை என்றால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை. எலும்புப் பள்ளத்தின் வடிவம் வாகாக இருந்தால் எலும்புத்தூள் வைப்பார்கள். ரொம்பவே போயிருந்தால் இம்ப்ளாண்டையே எடுப்பது உண்டு. இந்தக் கட்டத்தில் ஈறு நிபுணரைப் பார்ப்பது நல்லது, போர்டில் எம்.டி.எஸ். பெரியோடான்டிக்ஸ் என்று இருக்கும்.

வயதான பெற்றோருக்கும் லீவில் வருகிறவர்களுக்கும்

திருச்சியில் இந்த இரண்டு வகை அதிகம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி அம்மாவுக்கு நிலையான பல் கட்டிவிடுகிறார்கள். அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, கண்ணில் புரை, ராத்திரி சூப்பர் ஃப்ளாஸ் நுழைக்க ஆள் இல்லை. இந்த மாதிரி இடத்தில், கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து அதன் மேல் மாட்டிக் கழற்றும் செட் போடுவதையே நான் விரும்புவேன். கழற்றினால் இரண்டு குமிழ் மட்டும் நிற்கும், சாதாரண பிரஷ்ஷாலேயே தேய்த்துவிடலாம். கழற்றி மாட்டுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள், என்ன செய்ய. நிலையானதுதான் வேண்டும் என்றால், பிரஷ் போட்டுவிடப் போவது யார் என்று முதலிலேயே முடிவு செய்து, அவரையும் கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள். வேலைக்கு வரும் அக்காவாக இருந்தாலும் சரி, நான் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து இரண்டு வார லீவில் வந்து பல் வைத்துக்கொண்டு போகிறவர்கள், விமானம் ஏறும் முன் நான்கு பொருளை வாங்கிக்கொள்ளுங்கள்: இம்ப்ளாண்ட் டப்பாவில் வரும் ஸ்டிக்கர் ஒட்டிய கார்டு (கம்பெனி, விட்டம், நீளம், லாட் எண் அதில் இருக்கும்), கேப் போட்ட நாள் எக்ஸ்ரேயின் காப்பி, ஸ்க்ரூவா சிமெண்டா என்று ஒரு வரி, அன்றைக்கு அளந்த ஈறு அளவுகள். அங்கேயே ஒரு டாக்டரை முதல் ஆறு மாதத்துக்குள் பார்த்து அறிமுகமாகிக்கொள்ளுங்கள். இந்தக் கார்டு இல்லாமல் போனால், எந்தக் கம்பெனி ஸ்க்ரூ, எந்த ஸ்க்ரூ டிரைவர் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதற்கே அவர் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு தேட வேண்டியிருக்கும்.